கடாரத்துக் காடு திருத்தியோர் கண்ட விடுதலைப் போர்

கடாரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் காவிரி நாட்டாரின் நெஞ்சு நிமிர்வது இயல்பு. 1025ஆம் ஆண்டையொட்டி முதலாம் இராசேந்திரன் நடத்திய கடற்படையெடுப்பைப் பேசாத வரலாற்று மேடை தஞ்சைத் தரணியில் இல்லை. ஆனால் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து அதே கடாரத்திற்கு, அதே சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிச் சென்ற மற்றொரு கூட்டத்தை அம்மேடைகள் நினைப்பதில்லை. அக்கூட்டத்தார் கையில் வாள் இல்லை, துணிமூட்டை இருந்தது. அவர்களை அழைத்துச் சென்றவன் படைத்தலைவன் அல்லன், கங்காணி. கடாரம் இன்று மலேசிய நாட்டின் கெடா மாநிலம். அங்கும், அதன் தெற்கே பேராக், சிலாங்கூர், ஜொகூர் மாநிலங்களிலும் இரப்பர்த் தோட்டங்களை உருவாக்கியவர்கள் இவர்களே. பின்னர் அத்தோட்டங்களுக்குள்ளிருந்தே அவர்கள் விடுதலைக்குப் போரிட்டதும் உண்டு. அப்போரின் ஒரு முனை கடல் கடந்து தஞ்சை மாவட்டத்து வயல் வரப்புக்கே வந்து சேர்ந்தது.

புலம்பெயர்ந்தோரின் போராட்டம் என்றவுடன் மயிலாடுதுறை வட்டாரத்தார் தில்லையாடி வள்ளியம்மையைக் கூறுவர். அது முறையே. எனினும் வள்ளியம்மை ஜொகனஸ்பர்க்கில் பிறந்து, தில்லையாடியைக் கண்ணால் காணாமலே 1914இல் தம் பதினாறாம் பிறந்தநாளன்று மறைந்தவர். கண்டறியாத ஊரின் பெயர் ஒருவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரலாற்றில் நிலைத்துவிட்டது. கண்டறியாத நாட்டிற்காக உயிரைப் பணயம் வைக்கும் இந்நிலை, தென்னாப்பிரிக்காவைவிடப் பன்மடங்கு பெரிய அளவில் மலாயாவில் நேர்ந்தது.

மலாயாவுக்குத் தமிழர் கூட்டங்கூட்டமாகச் சென்ற காரணத்தைத் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காவிரிப் படுகை நெற்களஞ்சியம் என்று புகழப்பட்டபோதே, அந்நெல்லை விளைவித்த பண்ணையாள் தலைமுறை தலைமுறையாகக் கடனுக்குக் கட்டுண்டு கிடந்தான். அவன் குடியிருந்த மனையும் மிராசுதாருடையதாக இருந்தது. விளைச்சல் பொய்த்தால் பட்டினி. விளைந்தாலும் அரை வயிறு. சேரியிலிருந்து வெளியேற வாய்த்த வாயில்களுள் கப்பல் ஒன்று. அதனாற்றான் மிராசுதாரர் கங்காணியை வெறுத்தனர். ஆள்பிடிப்பவன் என்று கங்காணியை இகழ்வது எளிது. அவன் பொய்யுரைத்து ஆள் சேர்த்தது உண்மை. அவன் கொணர்ந்த ஆள் வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் தோட்ட நிருவாகம் அவனுக்குக் காசு கொடுத்ததும் உண்மை. ஆயினும் அப்பொய்யை நம்பிப் புறப்படும் அளவிற்கு ஊர் வாழ்க்கை கசந்திருந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஒப்பந்தக் கூலி முறை, அதாவது மக்கள் வழக்கில் சஞ்சிக்கூலி முறை, மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே கோலோச்சியது. தொழிலாளர் நாகப்பட்டினத்து முகாமில் மருத்துவ ஆய்வு முடிந்து கப்பலேறினர். பினாங்குத் துறைக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவில் தொற்றுநோய் அச்சத்தால் தனித்து வைக்கப்பட்டு, பின்னர் தோட்டங்களுக்குப் பங்கிடப்பட்டனர். சென்று சேர்ந்த இடம் தோட்டம் அன்று, காடு. அது மனிதரற்ற காடும் அன்று. மலாய் மக்களின் கம்பங்களும் பழங்குடியினரின் வேட்டை நிலங்களும் அதன் ஓரங்களில் இருந்தன. அந்நிலத்தைத் தோட்ட நிறுவனங்களுக்கு அளந்து கொடுத்தது ஆங்கில ஆட்சி. வெட்டிச் சாய்த்துக் கன்று நட்டவர் தமிழர், சீனர், சாவகத்தார். மலைக்காய்ச்சல் அவர்களைக் கொள்ளைகொண்டது. 1931ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்போது மலாயாவில் இந்தியர் ஏறத்தாழ 6 லட்சத்து 20 ஆயிரம் பேர் இருந்தனர்; அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

எல்லைப்புறத்துக் காட்டைத் திருத்திக் குடியேறியோர் தனியாட்சி கேட்டு எழுவது உலக வரலாற்றில் புதிதன்று. மெக்சிகோ நாட்டின் வடபுறத்து டெக்சாசில் குடியேறியோர் 1836இல் தாங்கள் உழுத மண்ணையே தனிநாடாக அறிவித்துப் போரிட்டனர். அவர்களிடம் நிலப்பட்டா இருந்தது, துப்பாக்கி இருந்தது, அடிமைகளும் இருந்தனர். மலாயாத் தமிழனிடம் இவை எதுவுமில்லை. அவன் நட்ட மரம் நிறுவனத்தினுடையது. அவன் உறங்கிய லயம் நிறுவனத்தினுடையது. வேலை போனால் வீடும் போயிற்று. காலூன்ற ஒரு முழ நிலமும் இல்லாதவன் அந்த நிலத்திற்கு எவ்வாறு விடுதலை கேட்பான்? ஆகவே அவன் முதலில் கேட்ட விடுதலை நிலத்தைப் பற்றியதாக இல்லை. தன் முதுகெலும்பைப் பற்றியதாக இருந்தது.

இதனைக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் விளக்கமாகக் காட்டுகின்றன. அதற்கு முன்னரே சில விதைகள் விழுந்திருந்தன. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவிற்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பியது. 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றியது. தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசு அனுப்பிய வலங்கைமான் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1937இல் அறிக்கை தந்தார். கங்காணி வழி ஆள்சேர்ப்பு ஒழிய வேண்டும் என்று அவர் கூறினாலும், குடியேற்றத்தை நிறுத்தத் தேவையில்லை என்றே முடித்தார். காவிரிக் கரையில் பிறந்த பெருமகன், காவிரிக் கரையிலிருந்து சென்ற கூலியின் நிலையைச் சற்று மென்மையாகவே எடைபோட்டுவிட்டார் என்று கூறுவது அவரது புலமைக்கு இழுக்காகாது. மறு ஆண்டே இரப்பர் விலை சரிந்து கூலி குறைக்கப்பட்டபோது, இந்திய அரசு கூலித் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அத்தடைக்கு ஒருவரும் எதிர்பாராத விளைவு ஒன்று உண்டு. புதிய ஆள் வருவது நின்றதும், இருக்கும் ஆளின் மதிப்பு உயர்ந்தது. நினைத்தபோது ஊர் திரும்பலாம் என்ற எண்ணம் தளர்ந்து, இருக்கும் இடத்திலேயே நிமிர்ந்து நிற்கும் எண்ணம் வளர்ந்தது.

1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் கிளர்ந்தெழுந்தன. கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார். அவர் 'தமிழ் நேசன்' இதழின் துணையாசிரியர். தொழிலாளர் காந்திக் குல்லாய் அணிந்தனர். தோட்டங்களில் காங்கிரசுக் கொடி ஏறியது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி அவர்களது முதற் கோரிக்கை. அதற்கடுத்து வந்தவையே கருத்தூன்றிப் படிக்கத் தக்கவை. கள்ளுக்கடைகளை மூடுக; பெண்டிரிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துக; பிள்ளைகளுக்குக் கல்வி தருக; உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து செல்லட்டும்; கூடிப் பேசும் உரிமை வேண்டும். இவற்றோடு மற்றொன்று: வெள்ளைத் துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து தொழிலாளி இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். ஊரில் மிராசுதாரர் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து நடந்தவனின் மகன், மலாயாவில் மிதிவண்டி வாங்கும் அளவுக்கு உயர்ந்தும் துரை முன் இறங்கி நின்றான். அந்த ஒரு வரிக் கோரிக்கையில் கடலின் இரு கரையும் அடங்கியிருக்கின்றன.

அரசு நாதனைச் சிறைப்படுத்தி நாடு கடத்தியது. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. படையை ஏவினர், ஏவப்பட்டவற்றுள் இந்தியப் படைப்பிரிவும் இருந்தது. ஐவர் மாண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் சப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. எவர் எதிரே மிதிவண்டியை விட்டு இறங்கி நின்றார்களோ, அந்தத் துரைமார் கைதிகளாக நடந்து செல்வதைத் தோட்டத் தமிழர் தம் கண்ணாலேயே கண்டனர்.

கண்ட மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. இரப்பர் விற்பனை நின்று போக, அரிசியும் அரிதாயிற்று. சயாமிலிருந்து பர்மாவிற்குச் சப்பானியர் அமைத்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களைத் திரட்டினர்; திரட்டினர் என்பதினும் அள்ளிச் சென்றனர் என்பதே பொருந்தும். வாந்திபேதியிலும் மலைக்காய்ச்சலிலும் பல்லாயிரவர் அக்காடுகளில் மடிந்தனர். 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியர் தொகை 6 லட்சத்திற்கும் சற்றுக் குறைவு. பதினாறு ஆண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய ஒரு மக்கட்கூட்டம் குறைந்து நிற்கிறது. குடியேற்றத் தடையும் ஊர் திரும்பியோரும் இதற்கு ஓரளவு காரணமெனினும், சயாம் பாதையை விலக்கி இக்கணக்கை விளங்கிக்கொள்ள இயலாது.

இத்துயரின் நடுவேதான் சுபாஷ் சந்திர போசு 1943 சூலை 2ஆம் நாள் சிங்கப்பூரில் வந்திறங்கினார். 4ஆம் நாள் இந்திய விடுதலைக் கழகத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21இல் தற்காலிக அரசை அறிவித்தார். இந்திய தேசிய இராணுவத்தின் முதற் பகுதி, சிங்கப்பூரில் சரணடைந்த பிரித்தானிய இந்தியப் படையினரைக் கொண்டது. அவருள் பஞ்சாபியர் மிகுதி. போசு வந்தபின் அதில் சேர்ந்த குடிமக்களோ பெரும்பாலும் தோட்டத் தமிழர்.

அவர்கள் ஏன் சேர்ந்தனர் என்ற வினாவிற்கு மேடைத்தமிழ் தரும் விடை போதாது. நாட்டுப்பற்று உண்டு. ஆனால் சயாம் பாதைக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்ப வழி தேடியவரும் உண்டு. முகாமில் ஒரு வேளைச் சோறாவது உறுதி என்று வந்தவரும் உண்டு. இதைக் கூறுவதால் அவர்களது ஈகம் சிறுத்துவிடாது. பிழைக்க வந்த மனிதன் போராளியாக மாறியது எவ்வாறு என்பதே வரலாற்றுக்கு உரிய வினா. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிட வரிசையில் நின்றவன், முகாமிலும் விடியற்காலையில் வரிசையில்தான் நின்றான். அங்கே கூலி எண்ணாக நின்றவன் இங்கே படைவீரனாக நின்றான். பஞ்சாபியனும் வங்காளியும் மலையாளியும் அவனோடு ஒரே பந்தியில் உண்டனர். சாதி கேட்பது அங்கே தடுக்கப்பட்டது. ஊரிலும் கிடைக்காத, தோட்டத்திலும் கிடைக்காத ஒன்றை அவன் அங்கே பெற்றான்.

பெண்டிர் நிலை இதனினும் வியப்பிற்குரியது. சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த இலட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. 1943 அக்டோபர் 22இல் அதன் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. அப்படையின் பெண்டிருள் பெரும்பாலோர் மலாயாவின் தமிழ்ப் பெண்கள். பால்மரக் காட்டிலிருந்து வந்தவர் பலர். கோலாலம்பூரில் செல்வக் குடியில் பிறந்த சானகி தேவர், போசின் கூட்டத்தில் தம் காதணிகளைக் கழற்றித் தந்து, பின்னர்ப் படையிலும் சேர்ந்து அதன் துணைத்தலைமை வரை உயர்ந்தார். இவர்களுள் பலர் இந்தியாவைக் கண்டதே இல்லை. தாய் சொன்ன ஊர்ப்பெயரும் தாலாட்டில் கேட்ட ஆற்றுப்பெயருமே அவர்களுக்கு இந்தியா. 1945இல் இரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது அப்பெண்கள் இரவுதோறும் நடந்து, பகலில் வானூர்திகளுக்கு அஞ்சி மரநிழலில் மறைந்து, பாங்காக் நோக்கித் திரும்பினர்.

தமிழ்ப் புதினம் இக்காலத்தை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' மெடானிலும் பினாங்கிலும் போர்க்காலத் தமிழரை நடமாட விட்டது. மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி சயாம் பாதைத் துயரை 'நினைவுச் சின்னம்' ஆக்கினார். காவிரிக் கரை எழுத்தோ ஆற்றையும் வெற்றிலையையும் சங்கீதத்தையும் பேசிய அளவிற்குக் கப்பலேறியவனைப் பேசவில்லை. அவன் அனுப்பிய மணியார்டர் ஊருக்கு வந்தது. அவன் கதை வரவில்லை. கவிஞர் குழாம் கூடும் அவையில் இக்குறை நினைக்கத் தக்கது.

1945இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். ஆனால் திரும்பி வந்த துரை, முன்பு விட்டுச் சென்ற கூலியைத் தோட்டத்தில் காணவில்லை. கெடாவில், பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படையை அமைத்தார். தேசிய இராணுவத்தில் பயின்ற அணிநடையைத் தோட்ட இளைஞர் தொடர்ந்தனர். அவர்களது முதல் பகை கள்ளுக்கடை. கூலியைத் தோட்டத்திற்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொள்ளும் கருவியாகக் கள்ளுக்கடை இருந்ததை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். கடை வாசலில் மறியல் நடந்தது. 1947ஆம் ஆண்டின் முற்பகுதியில் போலீசாரோடு மோதல்கள் மூண்டு உயிர்ப்பலியும் நேர்ந்தது. பலர் சிறை புகுந்தனர். சோழர் கால வணிகத் தடயங்கள் கிடைக்கும் பூசாங் பள்ளத்தாக்கு அங்கிருந்து தொலைவில் இல்லை. கடாரம் கொண்டான் காலடி பட்ட மண்ணில், கள்ளுக்கடை வாசலில் தமிழன் சிந்திய குருதி மெய்க்கீர்த்தியில் ஏறவில்லை.

இந்தக் காலத்தில்தான் விடுதலை என்ற சொல்லின் பொருளும் இடம் மாறியது. இந்தியா 1947இல் விடுதலை பெற்றுவிட்டது. மலாயாவில் நிற்பவன் இனி எந்த நாட்டின் விடுதலைக்குப் போராடுவது? 1946இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவர் சான் திவி, போசின் இயக்கத்தில் நின்றவர். மலாயாவையே நிலையான தாயகமாகக் கொண்ட அனைவருக்கும் குடியுரிமை, மக்கள் தேர்ந்தெடுக்கும் தன்னாட்சி ஆகியவற்றை வேண்டிய கூட்டணியில் அக்கட்சி சேர்ந்தது. மலாய், சீன அமைப்புகளுடன் இணைந்து 1947 அக்டோபர் 20இல் நாடு தழுவிய கடையடைப்பு நடந்தது. காடு திருத்தியவர் திருத்திய நிலத்திற்கே விடுதலை கேட்ட நாள் அது எனலாம். ஆங்கில அரசு அதனைப் பொருட்படுத்தாமல் 1948 பிப்ரவரியில் தன் விருப்பப்படிக் கூட்டரசை நிறுவியது.

இங்கே தஞ்சை மாவட்டத்து மகன் ஒருவர் வருகிறார். தம்பிக்கோட்டையில் பிறந்து இளமையிலேயே மலாயா சென்ற எஸ். ஏ. கணபதி, தேசிய இராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தவர். போருக்குப் பின் தொழிற்சங்கத்தில் புகுந்து, அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார். சீனர் மிகுந்த ஓர் அமைப்பிற்குத் தமிழர் தலைவரானது சிறிய செய்தியன்று. 1948 சூனில் மலாயா முழுவதும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; கூட்டமைப்பு தடை செய்யப்பட்டது. 1949 மார்ச்சு 1ஆம் நாள் இரவாங்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் கைத்துப்பாக்கியுடன் கணபதி பிடிபட்டார். வழியில் கண்டெடுத்து ஒப்படைக்கச் செல்கையில் பிடித்தனர் என்பது அவர் தரப்பு வாதம். ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்பது அன்றைய சட்டம். இந்திய அரசு தலையிட்டும் பயனின்றி, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் அவரது தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே சட்டத்தின்கீழ்த் தூக்குத் தண்டனை பெற்ற சாம்பசிவம் என்னும் மற்றொரு தமிழ்த் தொழிற்சங்கத்தவரை இலண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் விடுவித்தது. கணபதிக்கு அந்த அவகாசம் வாய்க்கவில்லை.

கணபதியின் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத வாட்டாக்குடியில் வெங்கடாசலம் என்ற பெயரோடு பிறந்தவர் இரணியன். இவரும் சிங்கப்பூர் சென்று தேசிய இராணுவத்தில் பயின்று, தொழிற்சங்கத்தில் உழைத்தவர். 1948இல் ஊர் திரும்பினார். அன்று தஞ்சை மாவட்டம் கொதித்துக் கொண்டிருந்தது. பி. சீனிவாசராவ் தலைமையில் பண்ணையாட்கள் சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து நின்று, 1944இல் மன்னார்குடியில் ஓர் உடன்பாட்டைப் பெற்றிருந்தனர். 1948இல் பண்ணையாள் கூலி குறித்து மாயவரத்தில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1952இல் தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறக்க அதுவும் ஒரு படி. இச்சூழலில், கடல் கடந்து துப்பாக்கி பிடித்த ஒருவன் மீண்டு வந்து பண்ணையாளோடு நிற்பது மிராசுதாரருக்கு எவ்வளவு அச்சம் தந்திருக்கும் என்பதை எளிதில் உணரலாம். 1950 மே 5ஆம் நாள் வடசேரியில் இரணியனும் ஆம்பலாப்பட்டு ஆறுமுகமும் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதத் தொடக்கத்தில் சாம்பவான் ஓடை சிவராமனும் சுடப்பட்டு மாண்டார். கோலாலம்பூரில் கணபதியின் கயிறு இறுகி ஓராண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன. அங்கே ஆண்டது அந்நிய அரசு; இங்கே ஆண்டது குடியரசு.

மலாயா 1957 ஆகஸ்டு 31இல் விடுதலை பெற்றது. முதல் அமைச்சரவையில் வீ. தி. சம்பந்தன் இடம்பெற்றார். வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளர் சேமித்த சிறு தொகைகளைக் கொண்டே தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். நட்ட மரத்தில் நட்டவனுக்கும் ஒரு பங்கு கிடைத்தது அதன்பின்னரே.

குடியுரிமை மட்டும் அனைவருக்கும் எட்டவில்லை. பிறப்புச் சான்று இல்லாதோர், விண்ணப்பம் எழுதத் தெரியாதோர், இன்று நாளை என்று தள்ளிப் போட்டோர் எனச் சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டங்களில் எஞ்சியவர் ஏராளம். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும் என்ற விதி கடுமையாக்கப்பட்டது. பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். அப்போதும் 'ரஜூலா' கப்பல் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. 1926இல் கட்டப்பட்டு, தோட்டக் கூலிகளைத் தளத்தில் ஏற்றிச் சென்ற அதே கப்பல். அதில் திரும்பியவர்களின் பிள்ளைகள் பால்மரக் காட்டில் பிறந்தவர்கள்; கீழே இறங்கியபோது அவர்கள் கண்ட கரை, அதுவரை பெயராக மட்டுமே கேட்டிருந்த கரை.